ஆறாம் நாள் பிழைத்த பூஞ்சை

அத்தியாயம் ஐந்து

"ஒரே கேள்வி. பொய் சொன்னியா, சொல்லலையா?"

கேட்டவள் கடுகு. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, வாயைத் திறந்தால் காரம். துப்பறியும் தொழிலுக்கு வந்த முதல் வருஷமே ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், இப்போது விசிட்டிங் கார்டிலும் ஏறிவிட்டது.

கேட்கப்பட்டவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்றுதான் பெயர். பாராட்டாக ஆரம்பித்த பெயர். ஆறு வருஷமாகியும் டாக்டர் பட்டம் கைக்கு வராமல் போகவே, கேலியாகப் புளித்துவிட்டது.

இருவரும் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில், தேநீர் மிஷினும் கால் ஆடும் மேஜையும் மட்டுமே இருந்த இடைவேளை அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பகல் ஒன்றேமுக்கால். நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. சோதனை முடிவுகளை ஆராய்ச்சி இட்டுக்கட்டினாள் என்று குழு எழுதிவிட்டால் பட்டமும் போச்சு, வேலையும் போச்சு. அதன் பிறகு எந்த லேபும் அவளுக்குக் கதவைத் திறக்காது.

"நீங்களுமா அக்கா அதையே கேட்கிறீங்க?"

"நான் எல்லார்கிட்டயும் கேட்பேன். என் புருஷன்கிட்ட தினமும் கேட்கிறேன்."

"அவர் இன்னும் ஒரு நாளும் நேரா பதில் சொன்னதில்லை" என்றான் ரேடியோ.

ரேடியோ, கடுகின் உதவியாளன். நாற்பது வயது. மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு பதினைந்து வருஷம் டாக்டர்களின் அறை வாசலில் வாய்மூடிக் காத்துக் கிடந்தவன். அப்போது பேசாமல் விட்டதையெல்லாம் இப்போது சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"பொய் சொல்லலை" என்றாள் ஆராய்ச்சி. குரல் நடுங்கவில்லை. கோபத்தில் தடித்துப்போயிருந்தது.

"சரி. அப்ப விஷயத்தைப் புரியற மாதிரி சொல்லு. எனக்காக இல்லை, இவனுக்காக."

ஆராய்ச்சி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். அதன் பிறகு அவள் பேசியது வேறு ஆள் பேசுவதுபோல் இருந்தது. எத்தனை ஆத்திரம் இருந்தாலும், தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துச் சொல்லும்போது அவளுக்கு நிதானம் தானாக வந்துவிடும்.

"எந்த உயிரா இருந்தாலும், செல்லுக்குள்ள புரதம் செய்யற பட்டறைங்க இருக்கு. ரைபோசோம்னு பேரு. ஒரு செல்லுக்கு லட்சக்கணக்குல வேணும். அந்தப் பட்டறையோட எலும்புக்கூடு ஆர்.என்.ஏ.வால ஆனது. அதுக்கான மரபணு நான் வேலை பார்க்கற பூஞ்சையில ஒண்ணு ரெண்டு இல்லை, நூறு இருநூறு நகல். வரிசை வீடுங்க மாதிரி ஒண்ணு பக்கத்துல ஒண்ணா நிக்கும்."

"எல்லா வீட்டுலயும் ஒரே குடும்பமா?" என்றான் ரேடியோ.

"ஒரே குடும்பம்தான். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாடியும் கொஞ்சம் டி.என்.ஏ. இருக்கு. அதுல இருந்து எந்தப் பொருளும் தயாராகாது. ஆனா மரபணுவைப் படிக்கற எந்திரம் முதல்ல அங்க வந்து உட்கார்ந்தாகணும். உட்கார்ந்தாத்தான் படிக்கும். அதுதான் பூட்டு. அந்தப் பூட்டுல எந்தப் பகுதி நிஜமாவே வேலை செய்யுது, எது சும்மா கிடக்குதுன்னு பார்க்கறதுதான் என் ஆராய்ச்சி."

"எப்படிப் பார்ப்பே?" என்றாள் கடுகு.

"பூஞ்சையை அரைச்சு வடிகட்டி சாறு எடுப்போம். படிக்கற எந்திரம் அந்தச் சாறுல உயிரோட இருக்கும்."

"பூஞ்சை ஜூஸ்" என்றான் ரேடியோ. "ஐஸ் போடுவீங்களா தங்கச்சி?"

"ஐஸ்லதான் வெப்போம்" என்றாள் ஆராய்ச்சி, சிரிக்காமல். "மரபணுவையும் அதுக்கு முன்னாடி இருக்கற பூட்டையும் சேர்த்து வெட்டி எடுத்து சாறுல போட்டா, ஆர்.என்.ஏ. உண்டாகும். அதை ஜெல்லுல ஓட விட்டு ஃபிலிம் எடுத்தா, கறுப்புக் கோடா விழும். கோடு விழுந்தா பூட்டு திறந்துச்சு. விழலைன்னா திறக்கலை. நான் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எட்டு விதமா செஞ்சு பார்த்தேன். மரபணுவுக்கு ரொம்பத் தள்ளி ஒரு சின்னத் துண்டு இருக்கு. அதை எடுத்துட்டா கோடு மங்கி இல்லாமலே போகுது. அந்தத் துண்டு சும்மா கிடக்குதுன்னு எங்க புரொபசர் இருபது வருஷத்துக்கு முன்னாடி கட்டுரை எழுதிப் பேர் வாங்கினவர்."

"ஓகோ" என்றான் ரேடியோ. "மாமியார் வெச்ச குழம்புல உப்பில்லைன்னு மருமக சொல்லிட்டா."

ஓரகத்திகள் இருவரும் ஒரே சமயத்தில் அவனை முறைத்தார்கள். அவர்களுக்குள் ஒற்றுமை தெரிந்த முதல் சந்தர்ப்பம் அதுதான்.

ஆராய்ச்சி தொடர்ந்தாள். கணவனின் ஆபரேஷனுக்காக நாலு மாதம் லீவில் இருந்தாள். ஆளில்லாத மேஜையைச் சுத்தம் செய்துவிடுவது இங்கே வழக்கம். அவள் வளர்த்துவைத்திருந்த பூஞ்சையெல்லாம் கொதிக்க வைத்துக் கொட்டப்பட்டது. அந்தச் சமயம் பார்த்து, அவள் முடிவைச் சரிபார்க்க வேண்டும் என்றார் புரொபசர். நிலையத்தின் ஸ்டோரில் உறையவைத்திருந்த அதே பூஞ்சையை எடுத்து, அவள் வெட்டிவைத்திருந்த அதே டி.என்.ஏ. துண்டுகளைப் போட்டுச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள்.

"ஒரு கோடுகூட விழலை."

கடுகு நிமிர்ந்தாள். "ஒண்ணுகூடன்னா?"

"வெட்டாத முழுப் பூட்டுக்கும் விழலை."

"இரு. நீ பொய் சொல்லியிருந்தா அந்தச் சின்னத் துண்டு விஷயம் மட்டும்தானே தப்பா வரணும்? முழுப் பூட்டு திறக்கும்னு உங்க புரொபசரே எழுதியிருப்பாரே?"

"எழுதியிருக்காரு."

"அப்ப இது உன் பொய் இல்லை. சாறு செத்திருக்கு."

"அதைத்தான் தொண்டை கிழிய சொன்னேன். சாறு நல்லாத்தான் இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்றாரு."

கடுகின் காது மடல் சிவந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிவது அங்கேதான்.

"செத்த சாறு கொடுக்கறதும் வெறும் ஃபிலிம். நல்ல சாறுல பூட்டு திறக்காம போனாலும் வெறும் ஃபிலிம். ஃபிலிம் பூரா வெறுமையா இருக்கும்போது சாறு நல்லாயிருந்துச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

ஆராய்ச்சி எழுந்து கதவைத் திறந்தாள். "லேபுக்கு வாங்க அக்கா" என்றாள்.

*

லேப் நீளமாக, சந்துபோல் இருந்தது. இரு பக்கமும் கறுப்புக் கல் மேஜைகள், கழுவிக் கவிழ்த்த குடுவைகள். ஆராய்ச்சியின் மேஜை துடைத்த பலகை மாதிரி கிடந்தது. மூன்று வாரமாக அவளுக்கு அந்த மேஜையைத் தொட அனுமதி இல்லை. நாலு பேர் தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்பெல்லாம் அவளிடம் பேனா கடன் கேட்டவர்கள். கடுகுக்கு அந்த நாலு தலையிலும் ஒரு குட்டு வைக்கவேண்டும்போல் இருந்தது.

அவள் கையில் குழுவுக்குப் புரொபசர் கொடுத்த அறிக்கையின் நகல். அதில் ஃபிலிமின் படம். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். மேலே ஒன்று, இரண்டு என எண்கள். கீழே ஒன்றுமில்லை.

"மேடம், இங்க பாருங்க" என்றான் ரேடியோ. அலமாரித் தட்டிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துத் தன் வழுக்கையில் வாரிக்கொண்டிருந்தான். "பிளாஸ்டிக் சீப்பு. விஞ்ஞானிங்களுக்கும் தலை வார நேரம் கிடைக்குது."

"அதை வைங்க அண்ணா. அது ஜெல்லுக்கான சீப்பு" என்றாள் ஆராய்ச்சி. "ஜெல் இறுகறதுக்கு முன்னாடி அதைச் சொருகி வெப்போம். இறுகினப்புறம் எடுத்தா ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குழி இருக்கும். ஒரு குழியில ஒரு சாம்பிள். குழியில இருந்து நேரா கீழ ஓடும். அதுதான் தடம்."

கடுகு சீப்பை வாங்கினாள். பற்களை எண்ணினாள். அறிக்கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

"இங்க எத்தனை விதமான சீப்பு இருக்கு?"

"எல்லாம் பத்துப் பல்லுதான்."

"படத்துல ஒன்பது தடம் இருக்கு."

"முழுப் பூட்டு ஒண்ணு, வெட்டினது எட்டு. ஒன்பது சாம்பிள். பத்தாவதைச் சும்மா விட்டிருப்பாங்க."

"சும்மா விட்டா?"

"சும்மா விட்ட தடமும் படத்துல..." ஆராய்ச்சி நின்றுவிட்டாள். அறிக்கையைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்பதாம் தடத்தை ஒட்டிப் படம் கத்தி வைத்ததுபோல் முடிந்திருந்தது. இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் இடம் இருந்தது. வலது ஓரத்தில் மயிரிழைகூட இல்லை.

"வெட்டியிருக்காங்க. ஃபிலிமை யாரும் வெட்டமாட்டாங்க அக்கா. வெறும் தடமா இருந்தாலும் அப்படியேதான் காட்டணும். இங்க முதல் நாள் சொல்லித் தர்றதே அதுதான்."

"முதல் நாள் லீவு போட்டிருப்பாரு" என்றான் ரேடியோ.

"பத்தாவது தடத்துல என்ன இருந்துச்சோ, அதைப் பார்த்துத்தான் சாறு உயிரோட இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் கடுகு. "இந்தச் சோதனையைச் செஞ்சது அவரா?"

"அவர் கையுறை போட்டே வருஷக்கணக்காச்சு. ஸ்டோர்க்காரர் செஞ்சாரு. பூஞ்சைங்களைப் பாதுகாக்கறவர். கை சுத்தமான ஆளு."

"சுத்தமான ஆளைப் போய்ப் பார்ப்போம்" என்றாள் கடுகு, சீப்பைக் கைப்பைக்குள் போட்டபடி.

*

ஸ்டோர் தரைத்தளத்தில் இருந்தது. ஆளுயர ஃப்ரீசர்கள் ஆறு, சுவரோரமாக நின்று முனகிக்கொண்டிருந்தன. கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதில் பென்சில்கள் உயர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. மேஜைக்குப் பின்னால், ஸ்வெட்டர் போட்ட ஒல்லியான மனிதர். ஆராய்ச்சியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்தவருக்கு உட்காரவும் தெரியவில்லை, பேசவும் தெரியவில்லை.

"பத்தாவது தடத்துல என்னங்க போட்டீங்க?" என்றாள் கடுகு. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எந்தப் பத்தாவது?"

கடுகு சீப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு ஃப்ரீசரைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க."

"சொல்லக்கூடாதுன்னு சொன்னது யாருன்னு சொல்லலாமா?" என்றான் ரேடியோ. "இல்லை, அதையும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

கடுகு காத்திருக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பதிவேட்டை இழுத்துத் திறந்தாள். அவர் தடுக்கக் கை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டார். ஒவ்வொரு குழாயும் எப்போது வந்தது, எப்போது எடுத்தது, எல்லாம் மணிமணியான கையெழுத்து. போன வருஷப் பக்கம் ஒன்றின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: 'மின்தடை. மூன்றாம் ஃப்ரீசர். இருபது மணி நேரம்.' கீழே முப்பது குழாய்களின் பட்டியல்.

"இது என்ன?"

"கரண்ட் போய் எல்லாம் உருகிடுச்சு. எது உயிரோட இருக்கு, எது செத்துச்சுன்னு ஒவ்வொண்ணா எடுத்துத் தீனி போட்டு வளர்த்துப் பார்த்தேன். வளர்ந்தா 'பிழைத்தது'ன்னு எழுதி, அதுல இருந்து புதுசா உறைய வெச்சேன்."

கடுகு விரலை ஓட்டினாள். பிழைத்தது, இரண்டாம் நாள். பிழைத்தது, இரண்டாம் நாள். பிழைத்தது, மூன்றாம் நாள். இறந்தது. பிழைத்தது, இரண்டாம் நாள். விரல் பதினேழாம் வரியில் நின்றது.

"உன் பூஞ்சையோட நம்பர் என்ன?"

"நாற்பத்தொண்ணு" என்றாள் ஆராய்ச்சி.

"நாற்பத்தொண்ணு. பிழைத்தது, ஆறாம் நாள்."

ஸ்டோர்க்காரர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"மத்ததெல்லாம் ரெண்டு நாள்ல எழுந்துடுச்சு" என்றாள் கடுகு. "இது மட்டும் ஏன் ஆறு நாள்?"

"அஞ்சு நாள் செத்துக் கிடந்த ஆளு ஆறாம் நாள் எழுந்து ஆபீசுக்கு வந்தா" என்றான் ரேடியோ, "வர்றது அவன்தானான்னு முதல்ல பார்க்கணும்."

ஆராய்ச்சியின் முகம் வெளிறியது. "அய்யா, நாற்பத்தொண்ணுக்குப் பக்கத்துக் குழாய் என்ன?"

"நாற்பத்திரெண்டு." அவர் குரல் ஃப்ரீசரின் முனகலுக்குள் அமுங்கியது. "அதோட ஒண்ணுவிட்ட தம்பி. அதே ஆரஞ்சு நிறம். அதே வாசனை. ரெண்டையும் ஒரே மேஜையில வெச்சுத்தான்மா திறந்தேன்."

ஆராய்ச்சி கடுகின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பூஞ்சையோட வித்து மாவு மாதிரி பறக்கும் அக்கா. பஞ்சு அடைப்பைத் திறந்தாலே காத்துல ஏறிடும். நாற்பத்தொண்ணு செத்துடுச்சு. செத்ததுக்குப் போட்ட தீனியில பக்கத்துக் குழாயோட வித்து பறந்து வந்து விழுந்து முளைச்சிருக்கு. அதான் ஆறு நாள்."

"நான் சந்தோஷப்பட்டேன்மா" என்றார் ஸ்டோர்க்காரர். "போச்சுன்னு நினைச்சது பிழைச்சிடுச்சேன்னு. சும்மா நம்பி எழுதலை. விதிப்படி மரபணுவைப் படிக்க அனுப்பினேன். நாற்பத்தொண்ணுன்னே வந்துச்சு. நூத்துக்கு நூறு."

"எந்த மரபணு?"

"இந்த ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவோட ஒரு பகுதிதான். பூஞ்சையை அடையாளம் பார்க்க எல்லாரும் படிக்கறது அதைத்தான்."

ஆராய்ச்சி சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்த சிரிப்பு அது.

"அக்கா, ஒரே கம்பெனி பீரோ ரெண்டு இருக்குன்னு வெச்சுக்குங்க. உள்ள தட்டு, லாக்கர் எல்லாம் ஒரே அச்சு. பூட்டு மட்டும் வேற வேற. அந்த மரபணுதான் பீரோவோட உள்பக்கம். பட்டறையோட எலும்புக்கூடாச்சே, அதுல கை வெச்சா உயிரே போயிடும். அதனால எத்தனை காலமானாலும் பெருசா மாறாது. அண்ணன் தம்பிக்கெல்லாம் ஒண்ணாவே இருக்கும். ஆனா முன்னாடி இருக்கற பூட்டு அப்படியில்லை. அது ஊரு உலகத்துக்குப் புரியணும்னு அவசியமே இல்லை. தன் சொந்த எந்திரத்துக்குப் புரிஞ்சா போதும். பூட்டு கொஞ்சம் மாறும், எந்திரமும் கூடவே மாறிக்கும்."

"புருஷன் பெண்டாட்டி ஜாடை மாதிரி" என்றான் ரேடியோ. "விருந்தாளி எதிர்லயே கண்ணைக் காட்டுவாங்க. நமக்குப் புரியாது."

"அதேதான் அண்ணா. நாற்பத்திரெண்டோட சாறுல நாற்பத்தொண்ணோட பூட்டைப் போட்டா அது எப்படித் திறக்கும்? இவங்க பீரோவோட உள்பக்கத்தைப் பார்த்துட்டு, இது நம்ம பீரோதான்னு சீல் வெச்சுட்டாங்க. பூட்டைப் பத்தின ஆராய்ச்சி நடக்கற இடத்துல, பூட்டை ஒருத்தரும் பார்க்கலை."

கடுகு மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். வரிசையாய் நின்ற பென்சில்கள் சரிந்து உருண்டன. "பறந்து வந்து விழுந்தது உங்க தப்பில்லை. எனக்கு அது புரியுது. ஆனா உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது?"

அவர் உருண்ட பென்சில்களைப் பொறுக்கி மறுபடி உயர வரிசையில் அடுக்கினார்.

"சோதனையில ஒரு கோடும் விழாதப்போ சந்தேகம் வந்துச்சு. இந்தம்மா பொய் சொல்ற ஆளு இல்லை. அந்த ஆறாம் நாள் வேற உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பக்கத்து மேஜையில ஒருத்தர் நாற்பத்திரெண்டை வெச்சு வேலை செய்யறாரு. அதோட பூட்டும் மரபணுவும் சேர்ந்த துண்டு கொஞ்சம் வாங்கி, சோதனையை மறுபடி ஓட்டினப்போ பத்தாவது குழியில போட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். "தார் மாதிரி கோடு விழுந்துச்சு. அப்பவே ஃபிலிமோட புரொபசர் ரூமுக்கு ஓடினேன். எல்லாத்தையும் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம், உனக்கு ரிடையர் ஆக எத்தனை மாசம் இருக்குன்னு கேட்டாரு. பதினாலுன்னேன். நல்லபடியா ரிடையர் ஆகு, போன்னாரு."

அதுவரை கடுகு இதை ஒரு சதி என்று நினைத்திருந்தாள். யாரோ ஒருவன் வேண்டுமென்றே குழாயை மாற்றினான், அவனைப் பிடித்து உலுக்கினால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தாள். குழாயை யாரும் மாற்றவில்லை. காற்று செய்த தவறு, நேர்மையான மனிதன் செய்த தவறு. குற்றம் அதற்குப் பிறகுதான் நடந்திருக்கிறது. ஒரு கத்தரிக்கோலும் ஒரு கேள்வியும் போதுமாயிருந்தன.

"ஃபிலிம் எங்க?"

"நகல் எடுத்துக்கிட்டு, இதை அழிச்சுடுன்னாரு. எனக்கு மனசு வரலை." அவர் மூன்றாம் ஃப்ரீசரின் மேலே கை விட்டு, ஒரு பழுப்பு உறையை எடுத்தார். கொடுக்க நீட்டியவர் பிடியை விடவில்லை. "இது வெளிய வந்தா என் தப்பும் வெளிய வந்துடும்மா."

"வரட்டும்" என்றாள் கடுகு. "மூணு வாரமா இவ கூனிக்குறுகி நடந்தாளே, அப்ப எங்கே போச்சு இந்தப் பயம்?"

*

மூன்று நாற்பதுக்குப் புரொபசரே அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். லேபில் தலை குனிந்திருந்தவர்களில் ஒருவருக்குக் காது நன்றாக வேலை செய்திருக்கிறது.

அறையில் கம்பளம் இருந்தது. சுவரில் சட்டம் போட்ட பழைய கட்டுரையின் முதல் பக்கம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஸ்டோர்ல ஒரு கவனக்குறைவு நடந்திருக்கு போலிருக்கு. வருத்தமான விஷயம். குழுவுல நானே எடுத்துச் சொல்லிடறேன்மா. உன் மேல தப்பில்லை, ஸ்டோர் ஆளுதான் காரணம்னு. பட்டத்துக்கு நான் பொறுப்பு. ஒரு மாசத்துல கையில இருக்கும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த உறை மட்டும் குழுவுக்கு முன்னாடி போக வேண்டாம். அது தேவையில்லாத குழப்பம்."

"அந்த உறையில இருக்கறது குழப்பம் இல்லை சார், உங்க கைவரிசை" என்றான் ரேடியோ.

"உங்களை நான் கேட்கலை."

"யாருமே கேட்கறதில்லை சார். நானா சொல்றதுதான்."

கடுகு ஓரகத்தியைப் பார்த்தாள். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆறு வருஷப் பட்டம், சண்டையில்லாமல், தட்டில் வைத்துக் கிடைக்கிறது. வேண்டாம் என்று சொல்லக் கடுகுக்கு உரிமை இல்லை. பட்டம் அவளுடையது அல்ல. வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் தொழிலில் அதைவிடக் கஷ்டமான அரை நிமிஷம் இருந்ததில்லை.

ஆராய்ச்சி மெதுவாகப் பேசினாள்.

"மூணு வாரமா நான் ராத்திரி வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா சார்? என் பழைய நோட்டுகளைப் பக்கம் பக்கமா திருப்பிட்டிருந்தேன். எங்கேயோ நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு. நான் பார்த்த கோட்டை நான் பார்க்கவே இல்லையோன்னு. என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு. நான் சரின்னு இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கு நல்லாத் தெரியும். அவர் தினம் காலையில லிஃப்ட்ல என்னைப் பார்த்து, தைரியமா இரும்மான்னாரு."

"உனக்கு வேண்டியது பட்டமா, சண்டையா? ஒண்ணைத் தேர்ந்தெடு."

"எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள் ஆராய்ச்சி. கடுகின் கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

*

குழுவின் அறையில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் வெளியிலிருந்து வந்திருந்த குழுத் தலைவி, நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. அவருக்கு வலதுபுறம், எதுவுமே நடக்காததுபோல், புரொபசர். புகார் கொடுத்தவரே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒற்றை நாற்காலி. துணைக்கு வருகிறவர்கள் சுவரோரமாக உட்கார வேண்டும். ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் ரேடியோ வெளியே பெஞ்சில்.

ஆராய்ச்சி நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலிடம் போய், உறையிலிருந்த ஃபிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். ஆறாம் நாளைச் சொன்னாள். பறந்த வித்தைச் சொன்னாள். பூட்டு எது, பீரோ எது என்று சொன்னாள். கடைசியாக, அறிக்கையில் இல்லாமல் ஃபிலிமில் மட்டும் இருந்த அந்தக் கறுப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். அவசரப்படவில்லை. ஆறு நிமிஷத்தில் அந்த மூன்று பேருக்கும் புரியாதது ஒன்றும் மிச்சமில்லை.

"அப்படின்னா எல்லாத்துக்கும் காரணம் ஸ்டோர்க்காரரோட அலட்சியம்" என்றார் புரொபசர், தலைவியின் பக்கம் சாய்ந்து. "நான் முதல்லயே சொல்லணும்னு இருந்தேன்."

கதவருகே அரவம். ஸ்டோர்க்காரர் நின்றுகொண்டிருந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "தப்பு என்னுதுதாங்க" என்றார்.

"தப்பு செஞ்சவர் இவர்" என்றாள் ஆராய்ச்சி. "அதைக் கண்டுபிடிச்சவரும் இவர். கண்டுபிடிச்ச அன்னிக்கே மேல போய்ச் சொன்னவரும் இவர்தான். நீங்க எழுதும்போது மூணையும் சேர்த்து எழுதணும். இவர் சொன்னது யார்கிட்டன்னும் எழுதணும்."

குழுத் தலைவி ஃபிலிமைக் கேட்டு வாங்கினார். அறிக்கைப் படத்தின்மேல் பொருத்தி வைத்துப் பார்த்தார். வெட்டிய ஓரத்தில் நகத்தால் ஒரு முறை கீறினார். பிறகு ஃபிலிமைக் கீழே வைத்தார்.

"நாற்பத்தொண்ணு முதல்ல எந்த நிலையத்துல இருந்து வந்துச்சோ, அங்கே எழுதிப் புதுசா வரவழைக்கணும். நீங்களே சோதனையைச் செய்யுங்க, நாங்க பக்கத்துல நின்னு பார்க்கறோம். அதுவரைக்கும் உங்க பேருல ஒரு வரியும் எழுத மாட்டோம். உங்க மேஜை இன்னிக்கே உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்." பிறகு வலதுபுறம் திரும்பாமலே சொன்னார். "புரொபசர், நீங்க இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறது சரியில்லை."

புரொபசர் அசையவில்லை.

"எங்கே உட்காரச் சொல்றீங்க?"

தலைவி எதிரே பார்த்தார்.

ஆராய்ச்சி ஜன்னலைவிட்டு வந்தாள். அந்த ஒற்றை நாற்காலியின் முதுகைப் பிடித்து, தரை கிறீச்சிட அரை அடி பின்னால் இழுத்துவைத்தாள்.

"உட்காருங்க சார்" என்றாள்.